வேலிப் பீர்க்கும் வீட்டுப் பீர்க்கும்: விதையைக் காப்பது, வேண்டுமென்றே கலப்பது

பீர்க்கங்காய் கசக்கிறது என்று யாராவது வந்து நின்றால், உரம் என்ன போட்டாய், தண்ணீர் எப்போது விட்டாய் என்றெல்லாம் நான் ஆரம்பிப்பதில்லை. விதை எங்கே எடுத்தது, விதை எடுத்த வருஷம் பக்கத்து வேலியில் என்ன கொடி ஏறியிருந்தது, இந்த இரண்டுதான் கேட்பேன். எங்கள் செட்டிநாட்டு ஊர்களில் பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கிற வீட்டின் கடைசியில், மதில் சரிந்த இடத்தில், யாரும் விதைக்காத பேய்ப்பீர்க்கு, அந்தக் கசப்புக் காட்டுப் பீர்க்கு, ஏறிப் பூத்துக்கொண்டிருக்கும்.

நான் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் கிராஸிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த ரகத்தை எதோடு சேர்ப்பது என்பதை விஞ்ஞானி ஐயாமார் நோட்டில் எழுதுவார்கள். மொட்டைப் பிரித்து, மகரந்தம் இருக்கிற தாதுப்பையைக் கிள்ளி, மகரந்தம் தொட்டு வைத்து, டேக் கட்டுவது பெண்கள் நாங்கள். இப்போது பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டு ஆச்சி ஊருக்கு வரும்போதெல்லாம் பீர்க்கங்காய்த் தோல் துவையல் கேட்பார்கள், அதனால் பீர்க்கு என் கையை விட்டுப் போனதே இல்லை. இங்கே சொல்லப்போவதையும் பெரும்பாலும் பீர்க்கை வைத்தே சொல்கிறேன். பூ பெரிது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. இடுக்கி கூட வேண்டாம். முதன்முதலாகக் கை வைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செடி கிடையாது.

எது எதோடு சேரும்

கொடிகளுக்குள் உறவுமுறை தெரியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. வீட்டுப் பீர்க்கும் பேய்ப்பீர்க்கும் ஒரே இனம். ஒன்று தோட்டத்துக்கு வந்து கசப்பை விட்டது, மற்றது வேலியிலேயே நின்று கசப்பை வைத்துக்கொண்டது. இந்த இரண்டும் தடையே இல்லாமல் சேரும், பிறக்கிற கொடி நன்றாகக் காய்க்கும், அதன் விதையும் முளைக்கும்.

நுரைப்பீர்க்கு, அதாவது முற்றினால் உடம்பு தேய்க்க நார் எடுக்கிற பீர்க்கு, வேறு இனம். ஆனால் ஒரே பேரினம். பேரினம் என்றால் நெருங்கிய இனங்களின் கூட்டம். இரண்டுக்கும் குரோமோசோம் 26. இவை சேரும், ஆனால் அரைமனதாகச் சேரும். பிறக்கிற கொடியின் மகரந்தத்தில் ஒரு பங்கு வெறும் கூடாகவே இருக்கும். காயில் நிறைய விதை பொக்காகும். முழுக்க மலடு என்று சொல்லிவிட முடியாது, அதுதான் இதில் சுவாரசியம்.

பாகல், புடல், சுரை எல்லாம் வேறு வேறு பேரினம். பந்தலில் பாகலும் பீர்க்கும் சேர்ந்து ஏறினால் பீர்க்கு கசந்துவிடும் என்று என் அப்பத்தா சொல்லும். இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். நடக்காது. பாகற்பூவின் மகரந்தம் பீர்க்கின் சூல்முடியில், அதாவது பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கிற நுனியில், ஒரு மூட்டை விழுந்தாலும் விதை பிடிக்காது. இரண்டையும் ஒரே பந்தலில் தாராளமாக ஏற்றுங்கள்.

இன்னொரு குழப்பம் வெள்ளரியில். கோடையில் ரோட்டோரம் வெடித்துப் பிளந்து விற்கிற வெள்ளரிப்பழம் உண்மையில் முலாம்பழத்தின் இனம். சமையலுக்கு வாங்குகிற வெள்ளரிக்காய் வேறு. வெள்ளரிக்காய்க்குக் குரோமோசோம் 14, முலாம் இனத்துக்கு 24, இவை சேரவே சேராது. ஆனால் நம் கரிசலிலும் செவலிலும் தானாகப் படரும் சுக்காங்காய் இருக்கிறதே, வத்தல் போடுவோமே, சில ஊரில் மிதுக்கங்காய் என்பார்கள், அது முலாமின் காட்டு வடிவம். வெள்ளரிப்பழத்து விதை எடுக்கிறவர்கள் அந்தக் கொடியைத்தான் கவனிக்க வேண்டும். பக்கத்துப் பாத்தி வெள்ளரிக்காயை நினைத்து இரண்டு பேருக்கும் சண்டை வேண்டாம்.

கசப்பு எந்த வருஷம் தெரியும்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காயின் தோலும் சதையும் தாய்க்கொடியின் உடம்பு. உள்ளே இருக்கிற விதையின் முளைதான் பிள்ளை. பேய்ப்பீர்க்கின் மகரந்தம் இன்றைக்கு உங்கள் பெண் பூவில் விழுந்தால் இந்தக் காய் கசக்காது. நன்றாகவே இருக்கும், நீங்களும் பொரித்துச் சாப்பிட்டு, ஒன்றை விதைக்கு விடுவீர்கள். அந்த விதையிலிருந்து வருகிற கொடியின் காய்தான் கசக்கும். ஆக, இந்த வருஷக் காய் கசந்தால் குற்றம் போன வருஷப் பூவில். நல்ல விதையில் வந்த கொடிகூட, தண்ணீர் காய்ந்து வாடிப்போன சமயத்தில் லேசாகக் கசப்பது உண்டு. அது தண்ணீர் விட்டுச் சில நாளில் சரியாகிவிடும். விதையில் வந்த கசப்பு எத்தனை தண்ணீர் விட்டாலும் போகாது.

மக்காச்சோளம் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அங்கே நாம் சாப்பிடுவதே விதையை, அதனால் பக்கத்து வயல் மகரந்தம் அந்த வருஷமே கதிரில் கலர் கலராகக் காட்டிக்கொடுக்கும். நெல் ஒரு நடுவழி. கவுனி நெல்லோடு வெள்ளை நெல் கலந்தால் அந்த வருஷம் அரிசியின் கறுப்பில் மாற்றம் தெரியாது, ஏனென்றால் கறுப்பு இருப்பது மேல்தோலில், மேல்தோல் தாயுடையது. அடுத்த வருஷம் விதைத்து அறுக்கும்போதுதான் கதை வெளியே வரும்.

பீர்க்கின் கசப்பை அசட்டை செய்யாதீர்கள். பேய்ப்பீர்க்கிலும் பேய்ச்சுரையிலும் இருக்கிற கசப்புப் பொருள் குக்கர்பிட்டாசின், விஷம். வேகவைத்தாலும் போகாது. காயை அரிந்ததும் நுனியில் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுத்துக் கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள். "புளி ஊத்தி வச்சா சரியாப் போயிரும்" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

பூவின் நேரம்

வீட்டுப் பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். ஐந்து மணிக்கு மேல் பந்தலைப் பார்த்தாலே தெரியும், வெளிர் மஞ்சளாக ஒவ்வொன்றாகப் பிரியும். நுரைப்பீர்க்கு விடிகாலையில் விரியும், அது அடர்ந்த மஞ்சள். பூவை உள்ளே பார்த்தாலும் அடையாளம் உண்டு. பீர்க்கின் ஆண் பூவில் தாதுக்காம்பு மூன்று, நுரைப்பீர்க்கில் பெரும்பாலும் ஐந்து. விதை கையில் இருந்தால் இன்னும் சுலபம். பீர்க்கு விதை குழி குழியாகச் சொரசொரக்கும், நுரைப்பீர்க்கு விதை வழுவழுப்பாக, ஓரத்தில் மெல்லிய விளிம்போடு இருக்கும்.

இரண்டு இனமும் ஒரே ஊரில் ஒரே பந்தலில் வளர்ந்தும் ஒன்றாகிப் போகாமல் தனித்தனியாக நிற்பதற்கு இந்த நேர வித்தியாசம் பெரிய காரணம். ஒன்றுக்கு அந்திப்பூச்சிகள், மற்றதற்குக் காலைத் தேனீக்கள். ஆனால் கதவு முழுக்கச் சாத்தியில்லை. சாயங்காலம் விரிந்த பீர்க்கம்பூ இரவெல்லாம் திறந்திருந்து மறுநாள் காலையில்தான் வாடும். நுரைப்பீர்க்கு விரிகிற நேரத்தில் இதுவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு கருவண்டு இரண்டிலும் புகுந்தால் போதும். எப்போதோ ஒரு விதை கலந்து விழும்.

அந்தக் கலப்புக் கொடி முளைத்தால் என்ன ஆகும்? அதன் சொந்த மகரந்தம் பாதி பழுது. சுற்றி இருப்பதெல்லாம் நல்ல பீர்க்கு. ஆகவே அதன் பெண் பூவில் வந்து விழுவது பெரும்பாலும் பீர்க்கின் மகரந்தமாகவே இருக்கும். அடுத்த தலைமுறையில் பீர்க்கின் பங்கு முக்கால், அதற்கடுத்து எட்டில் ஏழு. நாலைந்து தலைமுறை கழித்துப் பார்க்கிறவருக்கு அது அசல் பீர்க்குதான், ஆனால் நுரைப்பீர்க்கின் ஏதோ ஒரு குணம் உள்ளே தங்கியிருக்கும். மரபணு ஓட்டம் என்று பெரிய வார்த்தையாகச் சொல்வது இதைத்தான். பண்ணையில் நோட்டுப் போட்டு நாங்கள் செய்ததை வேலியில் வண்டுகள் கேட்பார் இல்லாமல் செய்கின்றன.

விதையைக் காக்க

சான்று விதை எடுக்கிறவர்கள் பீர்க்கு, சுரை, பாகல் போன்ற கொடிக்காய்களுக்குக் குறைந்தது 500 மீட்டர் தள்ளி வேறு ரகம் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நெல்லுக்கு 3 மீட்டர் போதும், ஏனென்றால் நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. பள்ளத்தூரில் 500 மீட்டர் என்றால் நாலு தெரு. நாலு தெருவிலும் பூட்டிக் கிடக்கிற வீட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்து கொடி பிடுங்க யாரால் முடியும்? அதனால் தூரத்தை நம்பாமல் பூவைக் கட்டுங்கள்.

பட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். காய்க்கு ஆடிப்பட்டம் நல்லது. விதைக்கு நான் தைப்பட்டம்தான் சொல்வேன். ஆடியில் போட்டால் புரட்டாசியில் பூத்து, காய் கொடியிலேயே காய வேண்டிய நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும். காய் உள்ளே அழுகும், விதை கொடியிலேயே முளைவிட்டாலும் ஆச்சரியமில்லை. தையில் போட்டால் பங்குனியில் பூக்கும், வைகாசி வெயிலில் சலசலவென்று காயும். பங்குனி வெயிலுக்கு ஆண் பூ கூடுதலாகவும் பெண் பூ குறைவாகவும் வரும். விதைக்கு அது ஒரு குறையே இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விதைத்து ஒன்றரை மாதத்தில் பூ வரத் தொடங்கும். முதலில் கொத்துக் கொத்தாக ஆண் பூ. பிறகு இலைக்கக்கத்தில் ஒற்றையாகப் பெண் பூ. பெண் பூவின் அடியில் விரல் நீளப் பிஞ்சு இருக்கும், தப்பவே முடியாது. முதல் பெண் பூவை விதைக்கு எடுக்காதீர்கள், கொடி இன்னும் இளசு. கொடி நன்றாகப் படர்ந்த பிறகு வருவதை எடுங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பந்தலடியில் போய் நில்லுங்கள். அன்றைக்கு விரியப் போகிற மொட்டு உப்பி, நுனியில் மஞ்சள் தெரியும். நாளைக்கு விரியப் போவது இன்னும் பச்சையாக இறுகியிருக்கும். இந்த வித்தியாசம் இரண்டு நாள் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். அன்றைக்கு விரியும் பெண் மொட்டு ஒன்று, வேறு வேறு கொடியிலிருந்து ஆண் மொட்டு இரண்டு மூன்று, இவற்றை விரிவதற்கு முன்னாலேயே கட்டிவிட வேண்டும். பண்ணையில் பட்டர் பேப்பர் கவர் போட்டோம். வீட்டில் பழைய மல் வேட்டித் துணியில் கைக்கடக்கமாகப் பை தைத்துச் சுருக்குக் கயிறு போட்டால் போதும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வேர்த்து மகரந்தம் வீணாகும். பை தைக்கச் சோம்பலாக இருந்தால், இதழ் நுனியை ஒரு நூலால் சுற்றிக் கட்டினாலும் பூ விரியாது, பூச்சியும் நுழையாது.

பிறகு ஆறு மணிவாக்கில் வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழைக் கிழித்து எடுத்துவிடுங்கள். தாதுக்காம்பு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். விரல் நுனியில் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் ஐந்து நிமிஷம் பொறுங்கள். பெண் பூவின் பையை எடுத்து, மூன்று பிரிவாக இருக்கிற சூல்முடியின் எல்லாப் பக்கத்திலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாக வளரும், விதையும் குறையும். இரண்டாவது ஆண் பூவாலும் தடவுங்கள். உடனே பையைத் திரும்பப் போட்டுக் கட்டுங்கள்.

மூன்று நாள் கழித்துப் பையை எடுக்கலாம். பிஞ்சு நீண்டு கீழே தொங்கத் தொடங்கியிருந்தால் பிடித்துவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் விழுந்துவிடும், அடுத்த பூவுக்குப் போங்கள். பிடித்த காயின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். இதை மறந்தால், வீட்டில் சமைக்கிறவர் ஒருநாள் அந்தக் காயைத்தான் பறிப்பார். உலக நியதி. எங்கள் வீட்டில் சிவப்பு நூல் கட்டிய காயை ஆச்சி உட்பட யாரும் தொடுவதில்லை.

ஒரே கொடியின் ஆண் பூவை அதே கொடியின் பெண் பூவுக்கு வைப்பதைப் பண்ணையில் செல்பிங் என்போம். ரகத்தை இறுக்கிப் பிடிக்க அது உதவும். வீட்டு விதைக்கு நான் அதைச் சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே கொடியையே எடுத்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும். ஐந்தாறு நல்ல கொடியை வைத்து ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குக் கொடுங்கள்.

பேய்ப்பீர்க்கு ஏற்கனவே விதையில் கலந்துவிட்டது என்றால்? பயப்படாதீர்கள். கசப்பு பெரும்பாலும் ஒளிந்துகொள்ளாத குணம், கலந்த முதல் தலைமுறையிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கொடியிலும் ஒரு காயை நறுக்கி ருசி பாருங்கள். கசந்த கொடியை வேரோடு பிடுங்குங்கள். அது நிற்கிற ஒவ்வொரு சாயங்காலமும் மற்ற கொடிக்கு மகரந்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். கசக்காதவற்றில் மட்டும் பூக்கட்டி விதை எடுங்கள்.

வேண்டுமென்றே கலக்க

இனி பீர்க்கையும் நுரைப்பீர்க்கையும் சேர்ப்போம். எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எனக்கு இது ஆசை வேலை.

நேரம் ஒத்துவராது என்பதுதான் இங்கே சிக்கல், தீர்வும் அதிலேயே இருக்கிறது. பீர்க்கின் மகரந்தம் சாயங்காலம் கிடைக்கும், நுரைப்பீர்க்கின் பெண் பூ விடியலில் விரியும். நடுவில் ஓர் இரவு. இரவு குளிர்ச்சி, மகரந்தம் தாங்கும். ஆகவே நுரைப்பீர்க்கைத் தாயாக வைத்துக்கொள்வது கைக்கு வசதி. திருப்பிச் செய்ய வேண்டுமானால் காலையில் எடுத்த மகரந்தத்தைப் பகல் முழுக்கக் காக்க வேண்டும், பங்குனி வெயிலில் அது சிரமம்.

முதல் நாள் மாலை நாலு மணிக்கு நுரைப்பீர்க்கின் பெண் மொட்டு, மறுநாள் விரியப் போவதாகப் பார்த்து, பை போட்டுக் கட்டுங்கள். பீர்க்கின் ஆண் மொட்டுகளையும் கட்டி வையுங்கள். ஆறு மணிக்கு அவை விரிந்ததும் காம்போடு பறித்து, ஒரு சில்வர் டப்பாவில் ஈரத்துணி விரித்து, துணிமேல் காம்பு படும்படி, பூ நனையாதபடி வைத்து மூடி, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரையை மிஞ்சிய குளிர்ச்சி எதுவும் இல்லை, தரையிலேயே வைப்பேன். விடிகாலை எழுந்து, பூச்சி கிளம்புவதற்கு முன், நுரைப்பீர்க்கின் பெண் பூவைத் திறந்து தடவி, மூடிக் கட்டிவிடுங்கள். நிறையப் பூவில் செய்யுங்கள். எல்லாம் பிடிக்காது. பிடித்த காயிலும் எல்லா விதையும் முற்றாது. கனமாக, தண்ணீரில் மூழ்குகிற விதையை மட்டும் எடுத்து வையுங்கள்.

அந்த விதையில் வருகிற கொடி பார்க்க மிடுக்காக இருக்கும். காயில் பீர்க்கின் பத்து வரம்பும் இருக்காது, நுரைப்பீர்க்கின் வழுவழுப்பும் இருக்காது. மேலோட்டமாக வரி ஓடும், அவ்வளவுதான். துவையலுக்குத் தோல் தேறாது. இதை ஆச்சியிடம் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் காட்டுவதில்லை.

இதைப் பீர்க்காகத் திருப்ப வேண்டுமானால் மறுபடி மறுபடி பீர்க்கின் மகரந்தத்தையே கொடுத்துக்கொண்டு வர வேண்டும். ஆறு முறை அப்படிச் செய்தால் நுரைப்பீர்க்கின் பங்கு சராசரியில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். நடுவில் ஒவ்வொரு தலைமுறையிலும் நமக்கு வேண்டிய குணம் எந்தக் கொடியில் நிற்கிறது என்று பார்த்து அதை மட்டும் மேலே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் பதரோடு மணியும் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு பட்டம் போட்டாலும் மூன்று வருஷ வேலை. காட்டு இனத்திலிருந்து நோய் தாங்கும் குணத்தைப் பயிருக்குக் கொண்டுவருகிறவர்கள் செய்வதும் இதுவே. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்குகிற பர்பானி கிராந்தி என்ற ரகம் வேறோர் இனத்தோடு கலந்து இப்படித் திருப்பி எடுத்ததுதான்.

கலப்பு என்றாலே கெட்டுப்போனது என்று நினைக்கிறவர்கள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கடுகைப் பார்க்கலாம். நாம் தாளிக்கிற கடுகு இரண்டு இனம் கலந்து பிறந்த மூன்றாவது இனம். 20 குரோமோசோம் உள்ள ஒன்றும் 16 உள்ள ஒன்றும் சேர்ந்து, இரண்டையும் முழுசாக வைத்துக்கொண்டு 36 ஆனது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஜோடி கிடைத்ததால் மலடாகவில்லை. நாகஹாரு யு என்ற விஞ்ஞானி 1935-ல் இந்த உறவை முக்கோணமாகப் போட்டுக் காட்டினார். கொல்லையில் நிற்கிற வாழையும் அப்படித்தான். பூவனும் ரஸ்தாளியும் மொந்தனும் இரண்டு காட்டு வாழை இனங்கள் கலந்தவை. பூவனிலும் ரஸ்தாளியிலும் ஓர் இனத்தின் பங்கு இரண்டு, மற்றதன் பங்கு ஒன்று, மொந்தனில் அப்படியே தலைகீழ். மூன்று பங்கு ஜோடி சேராது, அதனால் விதை இல்லை, அதனால்தான் நாம் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இருவர் இலைக்காம்பு, பூமடல் என்று 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு எந்த வாழையில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்தார்கள்.

கரும்புக் கதை நம் பக்கத்து ஊருடையது. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியது, கரும்பு அங்கே நன்றாகப் பூத்து விதை கட்டும் என்பதால். கண்மாய்க்கரையில் தானாக நிற்கிற நாணலை, இனிப்பே இல்லாத புல்லை, நல்ல கரும்போடு சேர்த்து எடுத்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது. டி.எஸ். வெங்கட்ராமன் அந்த வேலையில் முக்கியமானவர். அதே நிலையத்தில் பின்னால் வேலை பார்த்த ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடச் சேர்த்துப் பார்த்தவர். பண்ணையில் அந்தம்மா பெயரைச் சொன்னால் எங்கள் பெண்களுக்கு ஒரு தனி மிடுக்கு வரும்.

கத்தரிக்குக் கை வைக்கிறவர்களுக்கு

கத்தரியில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில். ஆகவே பூ விரிவதற்கு முந்தின சாயங்காலமே தாதுப்பைகளை எடுத்துவிட வேண்டும். மொட்டு ஊதா நிறம் காட்டி இன்னும் பிரியாமல் இருக்கும் பருவம். இடுக்கியால் இதழை ஒரு பக்கம் கீறி, மஞ்சள் தாதுப்பைகளை ஒவ்வொன்றாக அடியில் பிடித்துக் கிள்ளுங்கள், நடுவில் இருக்கிற சூல்தண்டை நசுக்காமல். ஒரு பூ முடிந்ததும் இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பை போடுங்கள், மறுநாள் காலை மகரந்தம் வையுங்கள். கத்தரித் தாதுப்பை நீளவாக்கில் வெடிக்காது, நுனியில் இரண்டு துளைதான். ஊசியால் பக்கவாட்டில் கீறிப் பொடியை எடுக்க வேண்டும். தேனீ பாவம் இதில் திணறும், கருவண்டு வந்து உடம்பை அதிரவைத்து உதிர்த்துக்கொண்டு போகும்.

எல்லாக் கத்தரிப் பூவும் காய்க்காது. சூல்தண்டு தாதுப்பையை விட நீண்டு வெளியே நிற்கிற பூவை எடுங்கள். உள்ளே குட்டையாக ஒளிந்திருக்கும் பூவில் எத்தனை மகரந்தம் வைத்தாலும் உதிர்ந்துவிடும். பண்ணைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

வேலியோரத்து முள்ளுக்கத்தரி, மஞ்சள் கோலிக்குண்டாகப் பழுக்குமே, அது கத்தரியின் காட்டு மூதாதை. தாராளமாகச் சேரும். மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தபோது எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று: வயலில் போட்ட மரபணு வேலிக்குப் போனால் திரும்பக் கூப்பிட முடியுமா? கேள்வி நியாயமானது. ஓட்டம் இரண்டு பக்கமும் உண்டு. சுண்டைக்காய்ச் செடியை வேராக வைத்துக் கத்தரியை ஒட்டுக்கட்டுகிறார்களே, அதில் இந்தப் பயம் வேண்டாம். வேர் சுண்டையாகவும் காய் கத்தரியாகவும் அதனதன் இடத்தில் நிற்கும், விதையில் எதுவும் மாறாது.

இதைப் படித்துவிட்டு யாரும் அரிவாளோடு வேலிக்குக் கிளம்ப வேண்டாம். பேய்ப்பீர்க்கும் முள்ளுக்கத்தரியும் சுக்காங்காயும் மண்ணின் காய்ச்சலையும் பூச்சியையும் யார் தயவும் இல்லாமல் தாங்கி நிற்பவை. நாளைக்கு நம் தோட்டத்துப் பயிருக்கு ஏதாவது வந்தால் போய்க் கேட்க வேண்டியது அங்கேதான். விதை எடுக்கிற சில வாரத்துக்குக் கைக்கெட்டுகிற கொடியில் பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள்.

டேக்கும் விதையும்

கலப்புக் காய்க்கு டேக் கட்டும்போது தாயை முதலில் எழுதுங்கள், பிறகு பெருக்கல் குறி, பிறகு தகப்பன், தேதி. "நுரைப்பீர்க்கு × பீர்க்கு, பங்குனி 10" என்று இருந்தால் யார் எடுத்துப் பார்த்தாலும் புரியும். பேனா மை வெயிலில் போய்விடும், பென்சிலில் எழுதுங்கள்.

காய் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் விதை ஆடுகிற வரை விடுங்கள். பூவிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம். நுனியை ஒடித்துத் தட்டினால் விதை கொட்டும். நிழலில் ஒரு வாரம் காயவைத்துச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் அடையுங்கள். வீட்டுப் பீர்க்கு என்றால் கொட்டவே வேண்டாம், காயோடு அடுப்படி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாலும் அடுத்த தைக்கு முளைக்கும். கலப்பு விதையை மட்டும் அப்படித் தொங்கவிடாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் "ஒரு காய் குடுங்க ஆச்சி" என்று கேட்டு எடுத்துப் போய்விடுவார்கள், பிறகு அது எந்த ஊர்ப் பந்தலில் ஏறியது என்று தேட முடியாது. அதைத் தனி டப்பாவில், டேக்கோடு, பூட்டுகிற அலமாரியில் வையுங்கள்.